தொப்பிக்கடை வீட்டு ஏலம்

ஏலத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் மூக்கையா அண்ணன் கடையில் உட்கார்ந்து நெளிவுசுளிவு பழகுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழகுங்கள். ஒரு பழைய சாமானைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன விலை போகும் என்று சொல்ல திண்டுக்கல்லில் அவரை விட்டால் ஆளில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் உங்களிடம் சொல்லாமல் விடப்போகிற சங்கதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பது வயதில் ஏலத்திலிருந்து ஓய்வு பெற்றவன் என்று கடைவீதியில் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, எவனுக்கும் பயந்து பேச வேண்டியதில்லை.

இன்டர்மீடியட் முடித்த கையோடு தோல் மண்டியில் கணக்கெழுத உட்கார் என்றார் என் அப்பா. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கொடைக்கானல் மலையில் துரைமார்கள் பங்களாவைக் காலிசெய்துவிட்டுக் கப்பலேறிய காலம் அது. சாமான்கள் வத்தலக்குண்டு வழியாக லாரியில் இறங்கி திண்டுக்கல்லில் ஏலத்துக்கு வரும். மற்றவர்கள் கட்டில், பீரோ, கடிகாரம் என்று பாய்வார்கள். நான் தொப்பிகளிடம் போவேன். நெட்டியில் செய்த வெயில் தொப்பி, கவிழ்த்த சட்டி போன்ற கறுப்புத் தொப்பி, புகைபோக்கி மாதிரி உயர்ந்த பட்டுத் தொப்பி, துரைசானிகள் போட்ட வலையும் இறகும் வைத்த தொப்பி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நாடகக் கம்பெனிக்குத் துரை வேஷம் வேண்டும். பேண்டு செட்டுக்காரனுக்கு எடுப்பாக ஏதாவது வேண்டும். போட்டோ ஸ்டூடியோவில் புது மாப்பிள்ளை ஒரு கையில் கடிகாரமும் தலையில் தொப்பியுமாக நிற்க ஆசைப்படுவான். சென்னையிலிருந்து சினிமாக் கம்பெனி ஆளே என்னைத் தேடி வந்திருக்கிறார். 'காலேசு' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்த மூக்கையா அண்ணனே, "தொப்பின்னா காலேசுதான்" என்று சொல்லும் அளவுக்கு ஓடித் திரிந்தேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு கூட்டு. ஏலத்தில் எங்களுக்குள் போட்டி கிடையாது. ஒருவர் கேட்பார், மற்ற நால்வர் வானத்தைப் பார்ப்போம். சாமான் மலிவாக விழும். பிறகு மூக்கையா அண்ணன் கடையின் பின்கட்டில் உள் ஏலம். மாட்டுச் சந்தைத் தரகர்கள் மாதிரி துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவோம். வெளியே ஒரு வார்த்தை கேட்காது. இதைத்தான் உங்களுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுப்பார். கூட்டு என்பது எல்லா ஊர் ஏலத்திலும் உண்டு, அதைப் பற்றி நான் இப்போது சண்டைக்கு வரவில்லை. சண்டை வேறு.

சவரிமுத்து என்று ஒருவர் கொடைக்கானலில் தொப்பிக்கடை வைத்திருந்தார். துரைமார்களுக்குத் தொப்பி விற்பதும், நசுங்கியதை நீராவி காட்டி நிமிர்த்திக் கொடுப்பதும் அவர் வேலை. வாங்க ஆள் இல்லாமல் போனதும் கடையைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு, மனைவியும் மகளுமாக திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பல வருஷ நீராவியும் தூசியும் அவருக்கு இழுப்பைக் கொடுத்திருந்தன. தெருவில் நடந்தால் இருமல் முன்னே வரும், அவர் பின்னே வருவார். ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் மாரடைப்பில் போய்விட்டார்.

மகள் லூர்து ஆசிரியர் பயிற்சி முடித்தவள். செம்பட்டிப் பக்கம் விடுதியோடு இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விடுதியிலேயே தங்கி, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, அம்மாவையும் கூட வைத்துக்கொள்ளலாம். அந்த வேலை இல்லையென்றால் அந்த இரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை. வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கிளம்பத்தான் சாமான்களை ஏலத்துக்குக் கொடுத்தார்கள்.

ஏலத்துக்கு முந்தைய நாள் சாமான்களைப் பார்வையிட விட்டார்கள். முற்றம் முழுக்கத் தொப்பிகள். சிலதில் சொந்தக்காரத் துரையின் பெயர் எழுதிய சீட்டு நூலில் தொங்கியது. சீர்செய்யக் கொடுத்தவர்கள் திரும்பி வாங்காமலே கப்பலேறிவிட்டிருந்தார்கள். என் கை பரபரத்தது. ஆனால் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். செம்பட்டி ஓட்டல்காரர், சித்தையன்கோட்டை மளிகைக்கடைக்காரர், குஜிலியம்பாறையிலிருந்துகூட மகள் கல்யாணச் சீருக்கு பீரோ பார்க்க ஒரு சம்சாரி. வெளியாட்கள் இத்தனை பேர் கேட்டால் எங்கள் கூட்டு என்ன ஆகும்?

அப்போதுதான் மூக்கையா அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார்.

ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றார். சித்தையன்கோட்டைக்காரர் அருகே வந்தார்.

"என்னண்ணே, மூக்கக் கட்டிருக்கீக?"

"ஒண்ணுமில்லப்பா. நாலு எடத்துக்குப் போயிட்டு வார ஒடம்பு. நமக்கெதுக்கு."

"செத்தவருக்கு என்னவாம்?"

"இருமிக்கிட்டே கெடந்தாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது சாமி."

அவ்வளவுதான். சற்று நேரத்தில் சித்தையன்கோட்டைக்காரரும் மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். க்ஷய ரோகத்துக்கு மருந்து வந்துவிட்டது என்று பத்திரிகையில் எழுதிய காலம்தான். ஆனால் பயத்துக்கு மருந்து வரவில்லை. அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தொட மாட்டார்கள், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்ட மாட்டார்கள்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு பாடம். ஒருவன் மூக்கை மூடினால் மூக்கைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். நான் பார்த்தேன். கூட்டம் பீரோப் பக்கம் திரும்பியிருந்தபோது மூக்கையா அண்ணன் ஒரு கறுப்புத் தொப்பியை எடுத்தார். துண்டைச் சற்று இறக்கி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த ஈரவிரலால் கம்பளியைத் தேய்த்து தரம் பார்த்தார். திரும்பவும் நாக்கில் தொட்டு, திரும்பவும் தேய்த்தார். அந்த வீட்டில் நோய் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"என்னண்ணே இது? வேலைக்குப் போற பிள்ள இருக்குற வீடு" என்றேன்.

"நான் என்னடா சொன்னேன்? துண்டக் கட்டுனது ஒரு குத்தமா? தொழில்னா அப்படித்தான் காலேசு. ஒன் தொப்பி ஒனக்கு சும்மா வந்து விழும், பேசாம இரு."

வாசல் பக்கம் திரும்பினேன். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். விடுதிக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பார்க்க வந்த வார்டன் அம்மா, லூர்துவுக்கு வேலை கொடுப்பதாகச் சொன்ன அதே பள்ளிக்கூடத்தில் இருந்து. மூக்கில் துண்டு கட்டிய ஆட்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

மறுநாள் ஏலம். ஏலம் போடுகிறவர் மதுரைக்காரர், நல்ல மனுஷர், விவரம் போதாது. ஊரில் பேசுவது அவர் காதுக்குப் போய், டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தார். மேசைமேல் ஏறி அதை உரக்கப் படித்தார்.

"யாரும் பயப்பட வேண்டாம். இறந்தவருக்கு டி.பி. கிடையாதுன்னு டாக்டர் கையெழுத்தே இருக்கு."

அதுவரைக்கும் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது.

"டி.பி.யா?" என்றார் குஜிலியம்பாறை சம்சாரி.

"இல்லைன்னுல்லய்யா சொல்றாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"இல்லாததுக்கு எதுக்குய்யா காயிதம்? எங்க வீட்டுல கூடத்தான் இல்ல, நான் எழுதி வாங்கியா வச்சிருக்கேன்?"

அவர் கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக. வார்டன் அம்மா கடிகாரத்தை ஏறிட்டும் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். லூர்து கதவருகில் நின்று இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா உள்ளே போய்விட்டாள்.

முதல் உருப்படி தொப்பிகள், மொத்தமாக. கூட்டின் சார்பில் கேட்க மூக்கையா அண்ணனின் முறை. ஒரு பிச்சைக்காசு விலை சொன்னார். ஏலக்காரர் இரண்டாம் தரம் சொல்லிவிட்டார். எனக்கு இருந்தது மூன்றாம் தரத்துக்கு முந்தின ஒரு மூச்சு. உண்மையைக் கத்திச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால்? அதுவும் இன்னொரு காகிதம்தான். இல்லை இல்லை என்று கத்தக் கத்த இருக்கிறது என்றுதான் கேட்கும். வதந்தியோடு வாதாடாதீர்கள் தம்பிகளே. அது பேச்சில் பிறந்து பேச்சைத் தின்று வளர்வது.

கையில் கிடைத்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மூக்கையா அண்ணன் சொன்ன விலைக்கு ஐந்து மடங்கு கேட்டேன். தொப்பி பெரிசு, காதுவரை இறங்கிவிட்டது.

"ஏலே, துரை வந்துட்டாருடோய்" என்றான் எவனோ. வாசல் தாண்டியவர்கள் திரும்பினார்கள். கொஞ்சம் சிரிப்பு.

மூக்கையா அண்ணன் பல்லைக் கடித்தார். "காலேசு, ஒனக்குக் கிறுக்கா? வாய மூடு."

"நீங்க மூக்க மூடிக்கங்கண்ணே. நான் கேக்குறேன்."

அவர் ஏற்றினார், நான் ஏற்றினேன். கூட்டுக்காரனே கூட்டுக்காரனோடு மோதுவதைப் பார்த்து செம்பட்டி ஓட்டல்காரருக்கு உறைத்திருக்க வேண்டும். "அப்ப சரக்கு நல்லாத்தான் இருக்கு போல" என்று திரும்பி வந்து நின்றார். கடிகாரம், மேசை, விளக்கு எல்லாம் நியாயமான விலைக்குப் போயின. தொப்பிகள் என்னிடம். கையிலிருந்தது முழுக்கப் போயிற்று. அன்றோடு மூக்கையா அண்ணன் கடையின் பின்கட்டு எனக்கு மூடிவிட்டது. பெரிய காரியம் செய்துவிட்டதாக மிதப்பில் இருந்தேன்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், இந்த வருஷம் வேண்டாம், பார்க்கலாம் என்று. லூர்து என்னைத் தேடி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க ஏலம் கேட்டீங்க, சாமான் வித்துச்சு. சந்தோசம். எம் பேரு எங்க போய் விக்கும்? வாடகை வாங்க வந்த வீட்டுக்காரரு இன்னைக்கு வாசலோட நின்னு பேசிட்டுப் போறாரு. கொழாயடியில கொடத்த வச்சா பக்கத்துல எந்தக் கொடமும் வர மாட்டேங்குது."

மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கலாம், பத்திரிகைக்கு எழுதலாம் என்று ஆரம்பித்தேன். படித்தவன் இல்லையா, வாயைத் திறந்தால் காகிதம்தான் வருகிறது. மூக்கையா அண்ணன் நாக்கில் விரல் தொட்டுத் தொப்பியைத் தேய்த்ததையும் ஆத்திரத்தில் சொன்னேன். அவள் அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா? நாக்குல தொட்டாரா?"

"ரெண்டு தடவ."

"அப்பச் சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மூக்கையா அண்ணன் கடை வாசல் பெஞ்சில் லூர்து உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். எதிர் டீக்கடையில் ஏற்கெனவே கூட்டம். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். கட்டில் வாங்க வந்த ஒரு குடும்பம் படியேறியபோது முந்தானையை வாயில் வைத்து லேசாக இருமினாள். குடும்பம் அவள் முகத்தைப் பார்த்தது, ஒருவரையொருவர் பார்த்தது. "நாங்க பெறகு வாரோம்" என்று இறங்கிப் போய்விட்டது.

மூக்கையா அண்ணன் வெளியே வந்தார். "ஏ தாயி, என்ன வேணும் ஒனக்கு?"

"ஒண்ணும் வேணாங்கய்யா. செத்த நேரம் காத்தாட உக்காந்துட்டுப் போறேன்."

"யாவாரம் நடக்குற எடம். இருமாதே."

"இருமுனா என்னங்கய்யா? எனக்குத்தான் வியாதி ஒண்ணும் இல்லையே."

"அதான் யாவாரம் கெடுதுல்ல."

"இல்லாத வியாதிக்கு எப்படிங்கய்யா யாவாரம் கெடும்? இருக்குன்னு சொல்றீங்களா? சொல்லுங்க, போயிர்றேன். யாரு சொன்னான்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் எதிர் டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்தார். இருக்கிறது என்றால் சொன்னவன் யார் என்று வரும். இல்லை என்றால் இருமினால் என்ன என்று வரும். டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவியபடியே, "பிள்ள கேக்குதுல்லண்ணே, பதிலச் சொல்லுங்க" என்றார்.

சந்தை நாள் வருகிறவரை அவள் தினமும் வந்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை, சாபம் விடவில்லை. வந்தால் கும்பிடுவாள், உட்காருவாள், ஆள் வந்தால் இருமுவாள். சந்தைக்கு வந்த வியாபாரிகள் கடையைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்ததும் மூக்கையா அண்ணன் இறங்கி வந்தார். காசு ஏதாவது தருகிறேன் என்றார்.

"காசு வேணாங்கய்யா. பள்ளிக்கூடத்துக்கு வந்து, வார்டன் அம்மா முன்னாடி நான் குடுக்குற தண்ணிய வாங்கிக் குடிங்க. அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா" என்று அவர் சிரித்தேவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏ காலேசு, நீயும் வா. படிச்ச பொம்பளைககிட்ட எனக்குப் பேச வராது."

பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம், லூர்து பின் சீட்டில். போகும்போது பேச்சும் சிரிப்புமாகத்தான் வந்தார். இந்த ஏலத்தில் நான் எவ்வளவு முட்டாள் என்று விளக்கினார். அவள் இடையில் ஒரு தடவை இருமினாள். ரோட்டுப் புழுதிதான். நானும்தான் இருமினேன். ஆனால் அவர் பேச்சு அந்த இடத்தோடு நின்றுவிட்டது. முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார்.

விடுதி வராந்தாவில் வார்டன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் உட்காரச் சொல்லவில்லை. லூர்து பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு, மீதியை மூக்கையா அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். தலையை அண்ணாந்து, டம்ளரைத் தூக்கிப் பிடித்தார்.

"வாய வச்சுக் குடிங்கய்யா" என்றாள் லூர்து. "எங்கப்பா தொப்பியத் தேச்ச வெரல நாக்குல வச்சவருதானே நீங்க."

அவர் டம்ளரை இறக்கினார். விளிம்பைப் பார்த்தார். அவள் வாய் படாத பக்கமாக டம்ளரைத் திருப்பினார். நான் அவருக்கு ஒட்டி நின்றிருந்தேன். என் பக்கம் லேசாகச் சாய்ந்து, தொண்டைக்குள் கேட்டார்.

"காலேசு, நெசமாவே இல்லேல்ல?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவர் கட்டிய துண்டு, இவர் ஜோடித்த பொய். அது கடை கடையாக, சந்தை சந்தையாகப் பரவியதில் ஊர் நம்பியது. ஊர் திரும்பிவந்து இவரிடமே சொன்னபோது இவரும் நம்பிவிட்டார். ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் தன் பொய்யையாவது பொய் என்று நினைவு வைத்திருக்க வேண்டாமா?

வராந்தா அமைதியாக இருந்ததால் அது வார்டன் அம்மா காதிலும் விழுந்துவிட்டது.

"யாருகிட்டக் கேக்குறீங்க?" என்றார் அவர். "இந்தப் பொண்ணுக்கு இருக்குன்னு மொதல்ல சொன்னது யாரு?"

"ஊருல பேசிக்கிட்டாகம்மா."

"அன்னைக்கு அந்த முத்தத்துல மொதல்ல துண்டு கட்டுனது ஊரா? நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்கள நம்பி இந்தப் பொண்ண வேணாம்னுட்டேன். குடிங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். கஷாயம் குடிக்கிற முகம். டம்ளரைக் கீழே வைக்கப் போனார்.

"கழுவி வச்சிட்டுப் போங்க" என்றார் வார்டன் அம்மா. லூர்து பக்கம் திரும்பி, "அம்மாவக் கூட்டிக்கிட்டு திங்கக்கிழமை வந்துரு. மூணாம் வகுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். மன்னிப்பு என்று அவரும் ஒன்றும் கேட்கவில்லை. லூர்து அதை எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. தப்பே செய்யாதவள் ஊர் முன்னால் இருமி, எச்சில் தண்ணீர் நீட்டி, தனக்கு ஏற்கெனவே கொடுத்த வேலையை இரண்டாவது தடவை சம்பாதிக்க வேண்டியிருந்தது. தப்புச் செய்தவர் ஒரு டம்ளர் கழுவினார்.

திரும்பும் பஸ்ஸில் மூக்கையா அண்ணன் திண்டுக்கல் வருகிறவரை ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே வந்தார்.

உங்களுக்கு அவர் நல்ல ஆசான்தான். பீரோவின் பின்பலகையைத் தட்டி வயசு சொல்லக் கற்றுத்தருவார். எதைக் கேட்டாலும் "தொழில்னா அப்படித்தான்" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லும் ஆளிடம் உடனே கேளுங்கள், யாருக்கு எப்படி என்று. அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், ஏலம் முடிந்து நாம் வண்டியேறிய பிறகு அவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கூட்டில் இடம் போகும். போகட்டும்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைவீதியில் போய்க்கொண்டிருந்தேன். மூக்கையா அண்ணன் மதுரைக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியும் மனசு கேட்கவில்லையாம். கடை வாசலில் நின்று அந்தக் கறுப்புப் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

"ஏ காலேசு, செத்த வந்து பாரு. படிச்சவன்தானே. நடுவுல வெள்ளையா ஒண்ணு சாஞ்சு கெடக்கே, அது என்னடா?"

அது இருதயம். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. சொல்லாமல் நடந்தேன்.